அறங்காவலர் நிலமும் மேலுரிமைக் கட்டணமும்: தவணை வரும்போது கட்டுவதா, ஒரேயடியாக முடிப்பதா?

ஸ்காட்லாந்தின் நிலச் சட்ட வரலாற்றைப் படிப்பவர்களும், அங்குள்ள பழைய அறக்கட்டளைக் கணக்குகளைப் புரட்டுபவர்களும் ஓரிடத்தில் வந்து நின்றுவிடுவார்கள். ஒரு தேவாலயச் சபையின் அறங்காவலர்கள் 25 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வருட வாடகையை மொத்தமாக யாருக்கோ கொடுத்திருப்பார்கள். பக்கத்துத் தெருவில் இன்னொரு அறக்கட்டளை அதே பொறுப்பை ஒரே தொகையில் முடித்திருக்கும். மூன்றாவது ஒன்று ஆண்டுதோறும் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுவதாக எழுதிக் கொடுத்திருக்கும். இதில் யார் சரியாகச் செய்தார்கள்? அந்த இடத்தில் நாம் இருந்திருந்தால் எதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆனால் அது எல்லோருக்கும் ஒரே பதில் அல்ல. பலரும் மேலுரிமையாளர்மீது (நிலத்துக்கு மேலடுக்கில் இருந்துகொண்டு கட்டணம் வாங்குபவர்மீது) உள்ள எரிச்சலில் "முடித்துத் தொலைத்துவிடலாம்" என்ற பக்கம் சாய்கிறார்கள். அடுத்த தவணைக்கு இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது என்பதுதான் முதலில் பார்க்கவேண்டியது என்பது என் கருத்து.

## கட்டவேண்டியது என்ன?

ஸ்காட்லாந்தில் 2004 நவம்பர் 28 வரை பெரும்பாலான நிலம் அடுக்கடுக்கான உரிமையில் இருந்தது. உச்சியில் அரசர். அவருக்குக் கீழே ஒரு மேலுரிமையாளர், அவருக்குக் கீழே இன்னொருவர், கடைசியில் நிலத்தை அனுபவிக்கும் கீழுரிமையாளர். இங்கிலாந்தில் இப்படிப் புது அடுக்குகளை உண்டாக்குவதை 1290-ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்திவிட்டது. ஸ்காட்லாந்தில் அது நிற்கவில்லை. இந்த முறையில் கொடுக்கப்பட்ட நிலத்துக்கு ஃபியூ என்று பெயர்.

கீழுரிமையாளர் கட்டவேண்டியவை இரண்டு வகை. ஆண்டுதோறும் கட்டுவது ஃபியூடூட்டி. நிலத்தைக் கொடுத்தபோது எழுதிய சாசனத்தில் உள்ள தொகை, ஏறாது, இறங்காது. இரண்டாவது, நிலம் கைமாறும்போது கட்டும் நேர்வுக் கட்டணம். இறந்தவரின் வாரிசு உள்ளே வந்தால் ரிலீஃப், அதாவது வழக்கமாக ஒரு வருட ஃபியூடூட்டி கூடுதலாக. வாரிசு அல்லாத ஒருவர், அதாவது வாங்கியவர், உள்ளே வந்தால் காம்பொசிஷன். இது நிலத்தின் ஒரு வருட வாடகை. ஒரு வருட வாடகை என்ற அளவு 1469-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. கடனுக்காக நிலத்தைக் கைப்பற்றிய கடன்காரரை மேலுரிமையாளர் ஏற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரு வருட வாடகை பெற்றுக்கொள்ளலாம் என்றது அந்தச் சட்டம். எதை எதைக் கழித்து அந்த வாடகையைக் கணக்கிடுவது என்பதற்கு 1775-ஆம் ஆண்டு எய்ட்சிசன் – ஹாப்கர்க் வழக்கு வழிகாட்டியது.

அறங்காவலர்களுக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் வாரிசுகள் அல்ல, வாங்கியவர்கள். ஆகவே ரிலீஃப் அல்ல, காம்பொசிஷன். 10 பவுண்டு ஃபியூடூட்டியும் 100 பவுண்டு வாடகையும் உள்ள நிலமென்றால் 10 கொடுக்கவேண்டிய இடத்தில் 100. மறுபக்கம் மேலுரிமையாளருக்கும் ஒரு குறை இருந்தது. தேவாலயத்துக்கோ பள்ளிக்கோ உள்ள அறங்காவலர் குழுவுக்கு மரணமே இல்லை. ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். மத, கல்விப் பணிகளுக்கான நிலம் புதிய பத்திரம் இல்லாமலே அடுத்து வரும் அறங்காவலர்களைச் சேரும் என்று 1868-ஆம் ஆண்டுச் சட்டம் வசதி செய்திருந்தது. கைமாற்றமே நடக்காத நிலத்தில் கைமாற்றக் கட்டணத்தை எப்போது கேட்பது?

1874-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலமாற்றச் சட்டம் இதற்கு ஒரு சமரசம் கண்டது. நிறுவனங்களும் அறங்காவலர் குழுக்களும் முதல் காம்பொசிஷன் விழும் நாளில் ஒருமுறையும், அப்புறம் 25 ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டினால் போதும். இடையில் எந்த அறங்காவலர் இறந்தாலும் கேட்கக்கூடாது.

## முடிவெடுக்குமுன் பார்க்கவேண்டியவை

முதலில் சாசனம். பல சாசனங்களில் காம்பொசிஷனுக்கு முன்கூட்டியே வரம்பு கட்டியிருப்பார்கள். "யார் வந்தாலும் அந்த ஆண்டு ஃபியூடூட்டி இரட்டிப்பு" என்று ஒரு வரி இருந்துவிட்டால் 100 பவுண்டு பேச்சே இல்லை, 10 பவுண்டோடு போயிற்று. அந்த வரி இருக்கிறதா என்று பார்க்காமல் மொத்தத் தொகை பேசப்போவது அறக்கட்டளைப் பணத்தைத் தெருவில் கொட்டுவது. கீழே சொல்வதெல்லாம் அந்த வரி இல்லாத நிலத்துக்கு மட்டும்தான்.

இரண்டாவது, அடுத்த தவணைக்கு எத்தனை ஆண்டு மீதம். மூன்றாவது, வாடகையின் போக்கு. காம்பொசிஷன் அன்றைய வாடகையை வைத்துக் கணக்கிடப்படும். எடின்பரோவின் வளரும் பகுதியில் உள்ள நிலமும், சரியும் கிராமத்து நிலமும் ஒன்றல்ல. நான்காவது, பணம் எந்தப் பெட்டியிலிருந்து போகிறது. முதலிலிருந்து, அதாவது மூலதனத்திலிருந்து, எடுத்தால் எதிர்காலப் பயனாளிக்கு இழப்பு, வருமானத்திலிருந்து எடுத்தால் இன்றைய பயனாளிக்கு இழப்பு. ஒருவர் ஆயுள்வரை வருமானம் பெற, அவருக்குப் பின் இன்னொருவருக்கு முதல் சேரும் குடும்ப அறக்கட்டளைகளில் இது பெரிய சண்டையாகும்.

ஐந்தாவது, கட்டத் தவறினால் என்ன ஆகும் என்பது. நேர்வுக் கட்டணம் கட்டாவிட்டால் மேலுரிமையாளர் வழக்குத் தொடுத்து, கட்டணம் தீரும்வரை நிலத்தின் வருமானத்தைத் தானே எடுத்துக்கொள்ள முடியும். ஃபியூடூட்டி பாக்கி என்றால் நிலமே திரும்பப் போகலாம். முதலில் இரண்டு ஆண்டுப் பாக்கி, 1887-க்குப் பிறகு ஐந்து ஆண்டுப் பாக்கி அதற்குப் போதும். இந்த நிலப் பறிப்பு உரிமை 2000-ஆம் ஆண்டில்தான் ஒழிந்தது. சொந்தப் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்வது சின்ன விஷயமல்ல என்பதை 1878-இல் கிளாஸ்கோ நகர வங்கி கவிழ்ந்தபோது அறங்காவலர்கள் கற்றுக்கொண்டார்கள். அறக்கட்டளைக்காகப் பங்கு வைத்திருந்தவர்களும் வங்கியின் கடனைச் சொந்தச் சொத்திலிருந்தே கட்டவேண்டும் என்று 1879-இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அது வங்கிப் பங்கு, இது நிலம். ஆனாலும் அந்தப் பயம் அதற்குப் பிறகு எந்த அறங்காவலரின் மனத்திலும் இல்லாமல் இருந்திருக்காது.

கணக்குக்கு ஒரு கற்பனை நிலத்தை எடுத்துக்கொள்வோம்: வரம்பு கட்டாத சாசனம், 10 பவுண்டு ஃபியூடூட்டி, 100 பவுண்டு நிகர வாடகை, சபையின் அறங்காவலர்கள் கையில், ஆண்டு 1880.

## வழி 1: வாரிசை முன்னிறுத்துவது

1874-க்கு முன்னால் இதுதான் மலிவான வழி. அறங்காவலர்கள் மேலுரிமையாளரிடம் நேராகப் போகாமல், விற்றவருக்குக் கீழே ஓர் அடுக்காக நின்றுகொள்வார்கள். மேலுரிமையாளரின் புத்தகத்தில் விற்றவரே கீழுரிமையாளர். அவர் இறந்தால் அவருடைய மகன் வந்து வாரிசாக நுழைவார், 10 பவுண்டு ரிலீஃபோடு முடியும். நிலத்தை உண்மையில் ஆள்வது அறங்காவலர்கள், கட்டணமோ வாரிசின் அளவில்.

மறைந்திருந்த செலவு வாரிசுதான். அவரைத் தேடவேண்டும், அவர் சம்மதிக்கவேண்டும். இரண்டு தலைமுறை கழித்து அவர் எந்த நாட்டில் இருப்பாரோ.

1874-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கதவைச் சாத்திவிட்டது. சேசின் பதிவேட்டில் (நிலப் பத்திரங்களைப் பதியும் பொதுப் பதிவேட்டில்) பத்திரம் ஏறினாலே மேலுரிமையாளர் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்று அது சொன்னது. மேலுரிமையாளரிடம் தனியாகச் சாசனம் வாங்கும் அலைச்சல் மிச்சம், நல்லதுதான். ஆனால் பதிவு ஏறிய அறங்காவலர்கள் இனி வாரிசின் பின்னால் நிற்கமுடியாது. ராங்கின் அறங்காவலர்களுக்கும் லாமாண்டுக்கும் இடையிலான வழக்கில் 1880-இல் பிரபுக்கள் சபை இதையே உறுதிசெய்தது.

மிஞ்சியது ஒரு சந்து: பத்திரத்தைப் பதிவுசெய்யாமலே வைத்திருப்பது. யாராவது இதைப் புத்திசாலித்தனம் என்று சொன்னால் நம்பவேண்டாம். பதிவாகாத பத்திரத்தை வைத்துக்கொண்டிருக்கையில் விற்றவர் திவாலானாலோ, இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்து அவர் முந்திப் பதிந்துவிட்டாலோ நிலமே போய்விடும். 90 பவுண்டு மிச்சம் பிடிக்கச் சபையின் கட்டடத்தையே பணயம் வைப்பது அறங்காவலர் செய்யக்கூடிய காரியமல்ல.

பதிவுசெய்வதால் உடனே பணம் கேட்கப்படுமோ என்ற பயமும் தேவையில்லை. பழைய சட்டத்தில் எப்போது கேட்டிருக்க முடியுமோ அதற்கு முன்னால் கேட்கக்கூடாது என்று 1874-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பெரும்பாலும் முந்தைய கீழுரிமையாளர் உயிரோடு இருக்கும்வரை எதுவும் விழாது. அவர் இறக்கும் நாளில்தான் 25 ஆண்டுக் கணக்கு தொடங்கும். ஆகவே நிலம் வாங்கும்போது விற்பவரின் வயதையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

## வழி 2: 25 ஆண்டுக்கு ஒருமுறை கட்டுவது

100 பவுண்டை 25 ஆண்டுக்கு ஒருமுறை, முடிவே இல்லாமல் கட்டுவது பயங்கரமாகத் தெரியும். வட்டியை உள்ளே கொண்டுவந்தால் அந்தப் பயம் வடிந்துவிடும். ஒரு தவணையை இன்றுதான் கட்டி முடித்தோம் என்று வையுங்கள். இனி வரப்போகும் தவணைகள் அனைத்தையும் 4 விழுக்காடு வட்டியில் சமாளிக்க இன்று ஒதுக்கவேண்டியது 60 பவுண்டு. அந்த 60 பவுண்டு 25 ஆண்டில் 160 ஆகும். 100 கொடுத்த பிறகும் 60 கையில் நிற்கும். மறுபடியும் அதே சுற்று.

வட்டி குறையக் குறைய இந்தப் பொறுப்பின் பாரம் கூடும். வாடகை ஏறினாலும் அப்படித்தான். வட்டியிலிருந்து வாடகை உயரும் வேகத்தைக் கழித்தால் கிடைப்பதை நிகர வட்டி என்று வைத்துக்கொண்டால்:

| நிகர வட்டி | தவணை கட்டிய மறுநாள் | 12 ஆண்டு மீதம் இருக்கையில் | தவணைக்கு முந்தைய நாள் |
|---|---|---|---|
| 4% | 60 பவுண்டு | 100 பவுண்டு | 160 பவுண்டு |
| 3% | 91 பவுண்டு | 134 பவுண்டு | 191 பவுண்டு |
| 2% | 156 பவுண்டு | 202 பவுண்டு | 256 பவுண்டு |

அந்தக் காலத்துப் பாதுகாப்பான முதலீடு பிரிட்டிஷ் அரசின் கன்சால்ஸ் கடன் பத்திரம். 1888-இல் நிதியமைச்சர் கோஷன் அதன் வட்டியை 3-இலிருந்து 2¾ விழுக்காடாகக் குறைத்தார், 1903-இல் அது 2½ ஆனது. அரசுப் பத்திரத்தில் மட்டும் பணம் வைக்கும் பயந்த அறங்காவலர்களுக்கு மேல்வரிசை பொருந்தாது, கீழ்வரிசைகள்தான். நிலத்தின்மீது கடன் கொடுத்துக் கூடுதல் வட்டி வாங்கியவர்களுக்கு மேல்வரிசை பொருந்தலாம்.

இந்த வழியின் மறைமுகச் செலவு நினைவு. 1880-இல் கட்டியவர்களில் 1905-இல் எத்தனை பேர் குழுவில் இருப்பார்கள்? ஒதுக்கி வைத்த 60 பவுண்டை நடுவில் வந்த ஒரு குழு கூரை மாற்றச் செலவழித்துவிட்டால் கணக்கு முழுவதும் உடைந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு முறையும் ஒரு வருட வாடகை எவ்வளவு என்ற வாதம். தேவாலயத்துக்கு வாடகை ஏது? யாருக்கும் விடாத கட்டடத்துக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்று மதிப்பிடவேண்டும். இரு பக்கமும் வழக்கறிஞர் கட்டணம்.

தனி நிதியாக எழுதி வைத்து, ஆண்டுக் கணக்கில் அதைக் காட்டும் ஒழுங்குள்ள அறக்கட்டளைக்கு இந்த வழி நல்லது. ஒழுங்கு இல்லாத இடத்தில் இது வெடிக்கக் காத்திருக்கும் கடன்.

## வழி 3: மொத்தமாகக் கட்டி முடிப்பது

1874-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய ஃபியூக்களின் நேர்வுக் கட்டணத்தை மீட்டுக்கொள்ளும் உரிமையைக் கீழுரிமையாளருக்குக் கொடுத்தது. பேசி ஒரு தொகைக்கு வரலாம். ஒத்துவராவிட்டால் சட்டமே விலை சொல்கிறது: மரணத்தின்போது மட்டும் விழும் கட்டணமென்றால் அதன் ஒன்றரை மடங்கு, விற்பனையின்போதும் மரணத்தின்போதும் விழுவதென்றால் இரண்டரை மடங்கு. நம் நிலத்துக்கு 150 அல்லது 250 பவுண்டு. எது என்பதைச் சாசனத்தின் வாசகம் முடிவுசெய்யும். ஏற்கெனவே விழுந்து நிற்கும் தவணை இருந்தால் அதைத் தனியாகத் தீர்க்கவேண்டும். மீட்புத் தொகைக்குள் அதை அடக்க முடியாது.

இப்போது மேலேயுள்ள அட்டவணையை 150-உடன் ஒப்பிடுங்கள். நிகர வட்டி 4 என்றால் தவணைக்கு ஒன்றரை ஆண்டு இருக்கும்போதுதான் மீட்பது லாபம். அதற்கு முன்னால் மீட்டால் அதிக விலை கொடுக்கிறோம். கட்டிய மறுநாளே மீட்டால் 60 பவுண்டுப் பொறுப்புக்கு 150 கொடுக்கிறோம், இரண்டு மடங்குக்கும் மேல். 3 என்றால் தவணைக்கு ஏறக்குறைய எட்டு ஆண்டு இருக்கும்போது தராசு சமமாகிறது. 2 என்றால் எந்த நாளில் மீட்டாலும் சரிதான்.

250 என்றால்? நிகர வட்டி 2 என்று வைத்துக்கொண்டாலும் தவணை வாசலில் நிற்கும்போதுதான் கட்டுபடியாகும். இரண்டரை மடங்கு விலையில் அவசரப்பட்டு மீட்ட அறங்காவலர்கள் நிம்மதிக்கு நல்ல விலை கொடுத்தார்கள். வேகமாக வளரும் நகர நிலத்தில் மட்டும் அதை நியாயப்படுத்தலாம்.

தவணை கட்டிய சூட்டோடு "இந்தத் தொல்லை இனி வேண்டாம்" என்று மீட்கப் போவதுதான் மனித இயல்பு. கணக்குப்படி அதுதான் மிக மோசமான நேரம். பொறுத்திருந்து, நெருங்கும்போது மீட்கவேண்டும். இதை நெருங்கும் ஆண்டில் நினைவுபடுத்த ஒருவர் இருக்கவேண்டும் என்பதுதான் கடினம்.

இதன் மறைமுகச் செலவுகள்: 150 பவுண்டு முதலிலிருந்து போகிறது. மேலுரிமையாளர் தந்த விடுவிப்பைச் சேசின் பதிவேட்டில் ஏற்றவேண்டும். ஏற்றாமல் பெட்டியில் வைத்தால் மேலுரிமையை நாளை வாங்கும் ஒருவர் மறுபடியும் கேட்டு வரலாம். நேர்வுக் கட்டணத்தை மீட்டாலும் ஆண்டு ஃபியூடூட்டி அப்படியே இருக்கும் என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும். குழுவில் சிலர் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பாக்கி விடுவது ஆபத்து.

## வழி 4: ஆண்டுக்கு ஆண்டு கூடுதலாகக் கட்டுவது

கையில் 150 இல்லாத சிறிய சபைக்கு இது இதமாக இருக்கும். மீட்புத் தொகையை மேலுரிமையாளரிடம் பேசி, ஆண்டு ஃபியூடூட்டியோடு சேர்த்துக்கொள்வது. 4 விழுக்காடு என்று முடிந்தால் ஆண்டுக்கு 6 பவுண்டு கூடுதல். பெரிய தவணை இல்லை, வாடகை மதிப்பீட்டுச் சண்டை இல்லை, மறதிக்கு இடமில்லை.

ஆனால் இந்த நான்கில் எனக்கு மிகக் குறைவாகப் பிடித்தது இதுதான். கட்டி முடித்த மறுநாள் பொறுப்பின் உண்மையான பாரம், 4 விழுக்காட்டில், ஆண்டுக்கு 2 பவுண்டு 8 ஷில்லிங்தான். அதற்கு 6 பவுண்டு கொடுக்கிறோம். அதைவிட முக்கியம், நேர்வுக் கட்டணம் என்பது எப்போதோ விழும் ஒன்று. இதை ஃபியூடூட்டியாக மாற்றிவிட்டால் அது ஃபியூடூட்டியின் எல்லாப் பலத்தையும் பெற்றுவிடும்: பாக்கிக்கு நிலப் பறிப்பு உட்பட. அப்புறம் நடந்தது என்ன? நேர்வுக் கட்டணங்கள் 1930-இல் ஒழிந்தன. அவற்றை ஃபியூடூட்டியாக மாற்றிக்கொண்டவர்களோ அதன் பிறகும் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1880-இல் இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்க முடியாதுதான். ஆனால் வலுவில்லாத ஒரு கடனை வலுவான கடனாக நாமே மாற்றிக் கொடுப்பதன் அபாயம் அன்றும் கண்ணுக்குத் தெரிந்ததே.

வருமானம் சீராகவும், முதல் இல்லாமலும், குழு அடிக்கடி மாறுவதுமாக இருக்கும் சபைக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

## நிலம் பெரிதாக இருந்தால்

காலி மனை நிறைய வைத்திருந்த அறக்கட்டளைகளுக்கு வேறொரு கணக்கும் இருந்தது. எடின்பரோவின் ஹெரியட் ஹாஸ்பிட்டல் (ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியைத்தான் அக்காலத்தில் அப்படிச் சொன்னார்கள்) தன் நிலத்தை வீடு கட்டுவோருக்குக் கீழ் ஃபியூவாகப் பிரித்துக் கொடுத்தது. அப்படிக் கொடுத்த நிலத்துக்குக் காம்பொசிஷனாக வீடுகளின் வாடகையைக் கொடுப்பதா, தனக்கு வரும் கீழ் ஃபியூடூட்டியைக் கொடுப்பதா என்ற வழக்கு காக்பர்ன் ராஸுக்கும் அந்த அறக்கட்டளைக்கும் இடையே 1815-இல் வந்தது. கீழ் ஃபியூடூட்டி போதும் என்றது நீதிமன்றம். பத்து வீடு, தலைக்கு 40 பவுண்டு வாடகை, 5 பவுண்டு கீழ் ஃபியூடூட்டி என்றால் 400-க்குப் பதில் 50. இதைச் செய்ய முடிந்தவர்களுக்கு மேலேயுள்ள எந்த வழியும் இதற்கு ஈடாகாது. சாசனத்தில் கீழே பிரித்துக் கொடுக்கத் தடை இருந்தால் இது நடக்காது. பழைய சாசனங்கள் பலவற்றில் அந்தத் தடை இருந்தது.

## எது யாருக்கு?

| | வாரிசு வழி (1874-க்கு முன்) | 25 ஆண்டுத் தவணை | மொத்த மீட்பு | ஆண்டுக் கூடுதல் |
|---|---|---|---|---|
| நம் நிலத்துக்குச் செலவு | ஒவ்வொரு வாரிசுக்கும் 10 பவுண்டு | 25 ஆண்டுக்கு 100 பவுண்டு | ஒருமுறை 150 அல்லது 250 | ஆண்டுக்கு 6 |
| வாடகை ஏறினால் | பாதிப்பில்லை | செலவு ஏறும் | பாதிப்பில்லை | பாதிப்பில்லை |
| மறைந்த செலவு | வாரிசைத் தேடுவது | மறதி, மதிப்பீட்டுச் சண்டை | முதல் குறையும், பதிவுச் செலவு | நிலப் பறிப்பு அபாயம் கூடும் |
| பொருந்தும் இடம் | பழைய பத்திரம் மட்டும் | ஒழுங்கான கணக்கு, தூரத்தில் தவணை | நெருங்கிய தவணை, வளரும் நகரம் | முதல் இல்லாத சிறு சபை |

1914-இல் இன்னொரு சட்டம் வந்தது. இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் நேர்வுக் கட்டணத்தை மீட்கக் கோரலாம், 15 ஆண்டுக்குள் மீட்காதது, மாற்றிக்கொள்ளாதது, வழக்கில் இல்லாதது எல்லாம் 1930 தொடக்கத்தில் அற்றுப்போகும் என்றது. அந்த 15 ஆண்டில் அறங்காவலர் செய்யவேண்டியது ஒன்றுதான் என்பேன்: தாமாகப் போய்த் தொடாமல் இருப்பது. மேலுரிமையாளர் கேட்டால் கொடுக்கவேண்டும், கேட்காவிட்டால் தானாகத் தீரும். போர்க் காலத்தில் விலைவாசி இரு மடங்குக்கும் மேல் ஏறியதால் தாமதமாகக் கொடுத்த பவுண்டின் பாரமும் குறைந்திருந்தது. இங்கே தயங்கி நின்றவர்கள்தாம் சரி.

## மிஞ்சிய ஃபியூடூட்டி: 1974-இலா, 2004-இலா?

நேர்வுக் கட்டணம் போனபிறகு ஆண்டு ஃபியூடூட்டி மட்டும் மிஞ்சியது. 1974 செப்டம்பர் 1 முதல் புது ஃபியூடூட்டி விதிக்கக்கூடாது என்ற சட்டம் வந்தது. பழையதை விட்சண்டே, மார்ட்டின்மஸ் தவணை நாட்களில் விரும்பினால் மீட்கலாம். விலைக்கு விற்றால் கட்டாயம் மீட்கவேண்டும். அறங்காவலர்களுக்கு இதில் ஒரு தனி நிலை. பழைய அறங்காவலரிடமிருந்து புதிய அறங்காவலருக்கு நிலம் விலையில்லாமல்தான் போகிறது. அது விற்பனை அல்ல, ஆகவே கட்டாய மீட்பு அவர்களைத் தொடவே இல்லை. வீட்டுக்காரர்களின் ஃபியூடூட்டி விற்பனை தோறும் கரைந்துகொண்டிருக்க, அறக்கட்டளை நிலத்தில் அது அப்படியே நின்றது. முடிவு முழுக்க அவர்கள் கையில்.

மீட்பு விலைக்கு ஒரு சூத்திரம்: 2½ விழுக்காடு கன்சால்ஸில் எவ்வளவு பணம் போட்டால் அந்த ஃபியூடூட்டி வட்டியாக வருமோ அவ்வளவு. 1974 இறுதியில் கன்சால்ஸின் வருவாய் 15 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. அதாவது 10 பவுண்டு ஃபியூடூட்டியை 65 பவுண்டு போன்ற தொகைக்கு முடித்திருக்கலாம். 2004-இல் ஃபியூ முறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது மேலுரிமையாளருக்குக் கொடுக்கவேண்டிய இழப்பீடு அதே சூத்திரத்தில் ஏறத்தாழ 20 மடங்கு, 200 பவுண்டு.

உடனே "1974-இல் மீட்டவர் பிழைத்தார்" என்று தோன்றும். நானும் மாணவர்களோடு பேசும்போது இந்தப் பதிலையே அதிகம் கேட்கிறேன். அது அரைப் பதில்தான். அதே 65 பவுண்டில் கன்சால்ஸை வாங்கி வைத்திருந்தால் ஆண்டுக்கு 10 பவுண்டு வட்டி வந்து ஃபியூடூட்டியைக் கட்டியிருக்கும், 2004-இல் அந்தப் பத்திரமே 200 பவுண்டுக்கு விற்று இழப்பீட்டையும் கொடுத்திருக்கும். சூத்திரம் அப்படி அமைந்தது: வருமான வரி இல்லாத அறப்பணி அறக்கட்டளைக்கு இரண்டும் ஒன்றே. வட்டிக்கு வரி கட்டும் குடும்ப அறக்கட்டளைக்கு மீட்பது மேல். பணம் வட்டியில்லாத கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தால் சந்தேகமே இல்லாமல் மீட்டிருக்கவேண்டும். மறுபக்கம், அந்த 65 பவுண்டை நல்ல பங்குகளிலோ பழுதான கூரையிலோ போடத் தெரிந்தவர்கள் காத்திருந்தது நியாயம். 1974-க்கும் 2004-க்கும் இடையில் விலைவாசி ஏறத்தாழ 7 மடங்கு ஏறியது, ஃபியூடூட்டியோ அதே 10 பவுண்டு.

ஒரே கட்டடத்தில் பல உடைமையாளர்கள் சேர்ந்து கட்டும் பிரிக்கப்படாத ஃபியூடூட்டிக்கு மட்டும் வேறு ஆலோசனை. அங்கே ஒருவர் கட்டாவிட்டால் மேலுரிமையாளர் முழுத் தொகையையும் இன்னொருவரிடம் கேட்கலாம், அறக்கட்டளை போன்ற கண்ணுக்குத் தெரிந்த தரப்பிடம்தான் முதலில் வருவார்கள். 1970-ஆம் ஆண்டுச் சட்டம் தன் பங்கைப் பிரித்துக்கொள்ளக் கீழுரிமையாளருக்கு உரிமை கொடுத்தது. முதலில் பிரித்துக்கொண்டு, பிறகு மீட்பதா என்று யோசிப்பதுதான் சரியான வரிசை.

2004 நவம்பர் 28-இல் எல்லா ஃபியூடூட்டியும் ஒழிந்தது. முன்னாள் மேலுரிமையாளர் இழப்பீடு கேட்க இரண்டு ஆண்டு, 2006 நவம்பர் 28 வரை, நேரம் இருந்தது. 50 பவுண்டு அல்லது அதற்கு மேல் என்றால் அரையாண்டுத் தவணையாகக் கட்டலாம்: 500 வரை 5 தவணை, 1000 வரை 10, 1500 வரை 15, அதற்கு மேல் 20. ஆனால் தவணை வசதிக்குப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்கவேண்டும். 200 பவுண்டுக்கு 20 பவுண்டு கூடுதல், ஐந்து தவணை என்பதால் இரண்டரை ஆண்டில் முடிந்துவிடும். அவ்வளவு குறுகிய காலத்துக்கு அது விலை கூடிய கடன், ஒரேயடியாகக் கட்டுவதே மேல். 20 தவணை, பத்து ஆண்டு என்று நீளும் பெரிய தொகைக்கு அதே பத்து விழுக்காடு மலிவு. அங்கே தவணையைத்தான் எடுத்திருக்கவேண்டும்.

இன்று ஓர் அறக்கட்டளையின் பெட்டியில் பழைய ஃபியூடூட்டிக் கேட்பு ஒன்று கிடைத்தால் பார்க்கவேண்டியது ஒன்றே: 2006 நவம்பர் 28-க்குள் சட்டப்படியான இழப்பீட்டு அறிவிப்பு வந்திருக்கிறதா? வரவில்லையென்றால் கட்ட எதுவும் இல்லை.